சுவரில் ஒட்டிய சொல்

வணிகம் தழைத்த நகரங்களில் சுவர்கள் வாளா இருந்ததில்லை. “வாங்குக, வாங்குக” என்று அவை ஓயாது அழைத்துக்கொண்டே இருந்தன. 1935ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஸ்டாண்டன் ஏவரி, பின்தாளை உரித்தவுடன் தானே ஒட்டிக்கொள்ளும் சீட்டை உருவாக்கினார். பண்டங்களின் மீது விலை குறிக்கப் பயன்பட்ட அச்சீட்டே, பிற்காலத்தில் பண்ட மோகத்தைப் பழிக்கும் கருவியும் ஆயிற்று.

1989இல் ஷெப்பர்ட் ஃபேரி என்னும் அமெரிக்கக் கலை மாணவர், மற்போர் வீரர் ஒருவரின் முகத்தை ஒட்டுப்படமாக்கித் தெருக்களில் ஒட்டினார். எதையும் விற்காத அப்படம், சுற்றியிருந்த விளம்பரங்களை ஐயத்தோடு நோக்கத் தூண்டியது. பின்னர்ப் பல நாட்டு இளைஞரும் விளக்குக் கம்பங்களிலும் குப்பைத் தொட்டிகளிலும் இத்தகைய படங்களை ஒட்டி, வீண் நுகர்வை இடித்துரைத்தனர். ஆயினும், 2001 முதல் ஃபேரியின் சின்னமே ஆடைகளில் பொறிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. கண்டனமும் கடைச்சரக்காயிற்று!

சுவர்க்கலை சரக்காகும் இவ்விந்தையைப் பினாங்கும் கண்டது. 2008இல் உலக மரபுடைமைத் தகுதி பெற்ற ஜார்ஜ் டவுனில், 2012ஆம் ஆண்டு எர்னஸ்ட் ஸகாரேவிச் என்னும் லித்துவேனிய ஓவியர், அர்மேனியன் தெருச் சுவரொன்றில் மிதிவண்டிச் சிறார் இருவரைத் தீட்டினார். காண வந்தோர் அவ்வுருவம் பொறித்த சட்டைகளையும் வாங்கிச் சென்றனர்.

அங்ஙனமாயின் சுவரில் வைக்கும் சொல்லுக்குப் பயனே இல்லையா? உண்டு, ஆனால், அது தனித்து நின்று வெல்வதில்லை. 1969இல் தோன்றிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம், எஸ். எம். முகமது இத்ரிஸ் அவர்களின் நெடுங்காலத் தலைமையில், தமிழ் உட்பட நான்கு மொழிகளில் ஏடு நடத்தி விரயத்தைக் கண்டித்து வந்தது. 2009 ஜூலை முதல் திங்கட்கிழமைகளிலும், 2011 ஜனவரி முதல் எல்லா நாள்களிலும், கடைகள் இலவசமாகப் பிளாஸ்டிக் பை வழங்குவதை மாநில அரசு நிறுத்தியது. பை வேண்டுவோர் 20 காசு கொடுக்க வேண்டியதாயிற்று. அறிவுரையோடு விதியும் சேர்ந்தபோது, வீட்டிலிருந்தே பை கொண்டுசெல்லும் பழக்கம் பரவியது.

எனினும், குப்பை ஊரெல்லையோடு நிற்பதன்று. 2018இல் சீனா பிளாஸ்டிக் கழிவை ஏற்க மறுத்தபின், செல்வ நாடுகளின் குப்பை மலேசியக் கரைக்கு வந்தது. 13 நாடுகளுக்கு 150 கொள்கலன்கள், 3,737 டன் கழிவுடன், திருப்பி அனுப்பப்பட்டதாக 2020 ஜனவரியில் அரசு அறிவித்தது. அவற்றுள் பல பினாங்குத் துறைமுகத்தின் வழியே சென்றன.

ஒட்டுப்படமும் பல வேளைகளில் பிளாஸ்டிக்கே. பழைய சுண்ணாம்புச் சுவரினின்று அதை உரித்தால் பூச்சும் உடன் பெயர்ந்து வரும். விரயத்தைச் சாடும் மாணவர், தாம் ஒட்டும் படமே விரயமாகாதவாறு பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். பயன்படுத்திய தாளின் மறுபுறத்தில் எழுதி, உரியவர் இசைவோடு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் ஒட்டப்படும் ஒரு வரி போதும். அவ்வரியை எழுதிய கை, மறுநாள் கடைக்குப் பையோடு செல்லுமாயின் அதுவே அதன் வெற்றி.