தொகுப்பில் விடுபட்ட பெயர்கள்

பாடல் நிலைத்திருக்க, அதைப் புனைந்தவர் பெயரும் பாடியவர் பெயரும் மறைந்துபோவது உண்டு. கீர்த்தனை இயற்றியோர் இறுதி அடிகளில் தம் முத்திரையைப் பதித்துவைத்த மரபு இவ்விழப்புக்கு நல்லதொரு காவலாக அமைந்தது. தக்கலை பீர் முகம்மது அப்பா, குணங்குடி மஸ்தான் சாகிபு ஆகிய ஞானச் செல்வர்களின் பாடல்கள் திரட்டி அச்சிடப்பெற்றமையால் இன்றும் அவர்தம் பெயராலேயே வழங்குகின்றன. திரைப்பாடலுக்கோ அத்தகைய முத்திரை இல்லை. அதன் பெயர்கள் தட்டின் முகப்பிலும் உறையிலும் மட்டுமே வாழ்கின்றன. உறை மாறினால் பெயரும் மாறும்; அல்லது மறையும்.

இந்தியாவில் இசைத்தட்டு தோன்றிய நாளில் குரலே பெயரையும் சுமந்து வந்தது. 1902-இல் கல்கத்தாவில் பாடிப் பதிவு செய்த கௌஹர் ஜான் அம்மையார், பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே கூறி முடிப்பார். தட்டு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் உருவாகி வரவேண்டியிருந்த காலம் அது. பாடியவர் யார் என்பதற்கு அவ்வறிவிப்பே சான்றாயிற்று. பின்னணிப் பாடல் வந்தபின் நிலைமை வேறாயிற்று. 1949-இல் வெளிவந்த 'மஹல்' என்னும் இந்திப் படத்தின் தட்டில், பாடிய லதா மங்கேஷ்கரின் பெயருக்குப் பதிலாகக் கதைமாந்தரின் பெயராகிய 'காமினி' என்பதே முதலில் பொறிக்கப்பட்டது.

78 சுற்று அரக்குத் தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிட அளவே இடமுண்டு. ஒரு தட்டுக்கு இரண்டு பாடல்கள். 1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்தார் வெளியிட்ட நெடுந்தட்டிலோ பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பாடல்களை அடக்க முடிந்தது. இவ்வகைத் தட்டு நம் நாட்டிலும் பரவியபின், வெவ்வேறு படங்களின் பாடல்களைப் பத்துப் பன்னிரண்டாகச் சேர்த்து ஓர் உறையில் இடும் வழக்கம் வேரூன்றியது. தொகுப்புத் தட்டு என்பது இதுவே.

ஆயினும் நம் ஊர்களின் முதல் தொகுப்பாசிரியர் இசைத்தட்டு நிறுவனத்தார் அல்லர். ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவரே எனலாம். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ள அய்யனார் கோவிலாயினும், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேராயினும், அவ்வட்டாரத்து நிக்காஹ் வீடாயினும், விழாவின் குரல் அவருடைய தட்டுப் பெட்டியிலிருந்தே எழுந்தது. கோவில் விழா என்றால் சீர்காழி கோவிந்தராஜன். நிக்காஹ் வீடு என்றால் நாகூர் ஹனீபா. பக்திப் பாடல்கள் முடிந்தபின் எவ்விடத்தும் டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் ஏ.எம். ராஜாவும் ஜிக்கியும். இன்ன வேளைக்கு இன்ன பாடல் என்னும் வரிசையை மக்கள் மனத்தில் பதித்தவர் அவரே.

நிறுவனத்தார் தொகுத்தபோது பாடகர், நடிகர், இசையமைப்பாளர் என்னும் பெயர்களின் கீழேயே பெரும்பாலும் தொகுத்தனர். விற்பனைக்கு அது ஏற்ற வழி. ஆனால் அவ்வழியில் இரு சாரார் பின்தள்ளப்பட்டனர். திரைக்குச் சில பாடல்களே பாடியோர் ஒரு சாரார். பாட்டெழுதியோர் மற்றொரு சாரார். நம் சமுதாயத்தைச் சார்ந்த இருவரைக்கொண்டே இதனை விளக்கலாம்.

நாகூர் இ.எம். ஹனீபா (1925–2015) இஸ்லாமியப் பாடல்களாலும் திராவிட இயக்கப் பாடல்களாலும் தமிழகமெங்கும் அறியப்பட்டவர். அவருக்கெனத் தனித் தட்டுகளும் ஒலிநாடாக்களும் வந்தன. எனினும் அவர் திரையிலும் பாடினார். 1955-இல் 'குலேபகாவலி' படத்தில் எஸ்.சி. கிருஷ்ணனுடனும், 1961-இல் 'பாவ மன்னிப்பு' படத்தில் சௌந்தரராஜனுடனும் இணைந்து பாடினார். 1992-இல் 'செம்பருத்தி' படத்தில் இளையராஜாவின் இசையிலும் அவர் குரல் ஒலித்தது. சிவாஜி கணேசன் பெயராலோ சௌந்தரராஜன் பெயராலோ அமைந்த தொகுப்பில் 'பாவ மன்னிப்பு' பாடல் வருங்கால், உடன் பாடியவர் எவர் என வினவுவோர் மிகச் சிலரே. சமயப் பாடகர் என்ற அடுக்கில் வைக்கப்பட்ட அவரைத் திரைப்பாடகர் அடுக்கில் எவரும் தேடுவதில்லை.

மற்றவர் கவி கா.மு. ஷெரீப் (1914–1994). ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகத்தில் ஈடுபாடு கொண்டவர். 'சாட்டை', 'தமிழ் முழக்கம்' ஆகிய இதழ்களை நடத்தியவர். 'டவுன் பஸ்' (1955), 'நான் பெற்ற செல்வம்' (1956), 'முதலாளி' (1957), 'பணம் பந்தியிலே' (1961) ஆகிய படங்களில் அவர் எழுதிய பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. ஏரிக்கரையில் நடந்து செல்லும் பெண்ணை நோக்கிப் பாடும் 'முதலாளி' பாடலைச் சௌந்தரராஜனின் பாட்டென எல்லோரும் அறிவர், கே.வி. மகாதேவன் இசையென்பதைச் சிலர் அறிவர். ஷெரீபின் பாட்டென்பதை நம் இல்லங்களிலேயே எத்தனைபேர் அறிவர்?

1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட், 1980-களில் சிற்றூர்வரை எட்டியபோது ஒவ்வொரு குடும்பமும் தொகுப்பாசிரியர் ஆயிற்று. விரும்பிய பாடல்களைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்தால், கடைக்காரர் பதிவுசெய்து தருவார். ஆனால் உறைச்சீட்டில் முதலடி மட்டுமே இடம்பெற்றது. சில வேளை படத்தின் பெயரும். அவரவர் சுவைக்கேற்ற பாடல் கிடைத்தது. ஆக்கியோர் பெயரோ அறவே உதிர்ந்தது. இக்காலக் கைப்பேசியிலும் பாடல் கணத்தில் வருகிறது. பெயரைத் தேடுபவருக்கே பெயர் கிடைக்கிறது.

இவ்விழப்பை உணரும் தகுதி நமக்குக் கூடுதலாகவே உண்டு. ஒரு நபிமொழியைக் கேட்டவுடன், இதனை அறிவித்தவர் யார், அவருக்கு அறிவித்தவர் யார் என வினவி, அறிவிப்பாளர் வரிசையையும் மொழியோடு சேர்த்துக் காத்தோர் நம் ஹதீஸ் கலை அறிஞர்கள். திரைப்பாடல் ஹதீஸன்று, அதனோடு ஒப்பிடவும் தகாது. ஆயினும் சொல்லை அதற்குரியவரோடு சேர்த்துக் காக்கும் ஒழுக்கம் நமக்குப் புதிதன்று.

ஆகவே, வீட்டுப் பரணில் அரக்குத் தட்டோ பழைய நாடாவோ கிடந்தால் எறிந்துவிட வேண்டா. முகப்பில் உள்ள பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதுக. முகப்பு அழிந்திருப்பின், வீட்டு மூத்தோரைக் கேட்டு எழுதுக. பிள்ளைகள் பாடலை முணுமுணுக்குங்கால் எழுதியவர் பெயரையும் கூறுக. ஷெரீபின் பெயரும் ஹனீபாவின் பெயரும் நம்மிடம் உள்ள அமானிதங்கள். அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பது நம் கடமை. உரியவர் மறைந்துவிட்டாரெனில், அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பது நம் கடமை.