டிவி டாங்கிளுக்குள் கிடந்த ரேடியோ

வானொலியின் வேலையைக் கம்பிச்சுருளிடமிருந்தும் மின்தேக்கியிடமிருந்தும் பிடுங்கிக் கணினி நிரலிடம் கொடுப்பதற்குப் பெயர் சாஃப்ட்வேர் ரேடியோ. 1990களின் தொடக்கத்தில் இந்தப் பெயரைப் பொறியாளர்களிடையே பரப்பியவர் அமெரிக்கரான ஜோசப் மிட்டோலா. அது எப்படிச் சாமானியர் கைக்கு வந்தது என்று கேட்டால் வழக்கமாக ஒரே பதில்தான் கிடைக்கும்: சிப்புகள் வேகமாயின, விலை குறைந்தது, ரேடியோ தானாகவே மென்பொருளுக்குள் போய்விட்டது. பாதி உண்மை இது. மீதிப் பாதி கருவிக்கும் நிரலுக்கும் நடுவே இருக்கும் வாசலில் இருக்கிறது. அந்த வாசல் எப்படி வேலை செய்கிறது என்பது வெளியாருக்குத் தெரிந்த இடங்களில் மட்டுமே இந்தத் தொழில் வளர்ந்தது. தெரியாத இடங்களில் பணமும் வேகமும் இருந்தும் முடங்கிக் கிடந்தது.

பணத்துக்குக் குறைவில்லாத இடம் அமெரிக்க ராணுவம். பத்துக்கும் மேற்பட்ட ராணுவ ரேடியோக்களின் வேலையை ஒரே பெட்டி செய்ய வேண்டும், 2 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2000 மெகாஹெர்ட்ஸ் வரை என்று ‘ஸ்பீக்ஈஸி’ திட்டத்தை 1990களில் நடத்தினார்கள். அதன் வழிவந்த ‘ஜேட்டிஆர்எஸ்’ பல நூறு கோடி டாலரை விழுங்கியது. அதில் வாகனங்களுக்கான ரேடியோ 2011-இல் கைவிடப்பட்டது. அதே காலத்தில் எதிர்த்திசையில் சிறிய முயற்சி ஒன்று நடந்தது. எரிக் பிளாசம் 2001-இல் தொடங்கிய குனு ரேடியோ, யாரும் படித்துத் திருத்தக்கூடிய நிரல். அதற்கேற்ற கருவியாக மேட் எட்டஸ் உருவாக்கிய யூஎஸ்ஆர்பி பலகையின் சுற்றுப்படமும் வெளிப்படையாகவே கிடைத்தது.

அந்தப் பலகையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும், சிக்கல் எங்கே இருக்கிறது என்று அதுவே காட்டிவிடும். அதில் அலையை எண்களாக்கும் மாற்றி அலையை நொடிக்கு 6.4 கோடி முறை அளக்கும்; ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள். ஆனால் கணினிக்குப் போகும் யூஎஸ்பி 2.0 கம்பி வழியே நொடிக்கு ஏறத்தாழ 80 லட்சம் சாம்பிள்கள்தான் போக முடியும். எனவே தேவையான அலைவரிசையை மட்டும் பிரித்தெடுத்து மிச்சத்தைக் கழித்துவிடும் வேலையைப் பலகையிலேயே இருக்கும் எஃப்பிஜிஏ சிப் செய்கிறது. அது அனுப்புவதைக் கணினி வேகமாக வாங்கிக்கொள்ளாவிட்டால் திரையில் ‘uO’ என்ற இரண்டு எழுத்துகள் விழத் தொடங்கும். சாம்பிள்கள் கொட்டிப்போகின்றன என்று அர்த்தம். இந்த எழுத்துகளைக் கண்டவர் எந்த இடத்தில் இடறுகிறது என்று நிரலையும் சுற்றுப்படத்தையும் விரித்துவைத்துத் தேட முடிந்தது. கருவி விலை உயர்ந்ததுதான். ஆனால் அதற்குள் மறைவு எதுவும் இல்லை.

இந்த வாதத்துக்கு வலுவான சான்று ஐரோப்பியக் கடைகளில் டிவி பார்ப்பதற்காக விற்ற மலிவான டாங்கிள். அதற்குள் இருந்தது ரியல்டெக் ஆர்டிஎல்2832யூ சிப். டிவி சிக்னலைச் சிப்பே பிரித்துவிடும். எஃப்எம் கேட்கும்போது மட்டும் பிரிக்காத சாம்பிள்களை அப்படியே கணினிக்குத் தள்ளிவிட்டு, மிச்ச வேலையை விண்டோஸ் மென்பொருளிடம் விட்டுவிடும். யூஎஸ்பி கம்பியில் ஓடியதை ஒட்டுக்கேட்டு 2010-இல் இதைக் கண்டவர் எரிக் ஃப்ரை. 2012 பிப்ரவரியில் பின்லாந்தின் லினக்ஸ் நிரலாளர் ஆன்ட்டி பலோசாரி அதை மேலும் விரித்துக் காட்டினார். உடனே ஓஸ்மோகாம் என்ற திறந்த மென்பொருள் குழுவினர் நிரல் எழுதினார்கள். தங்கள் சொந்தக் கருவிக்காக அக்குழுவின் ஹரால்ட் வெல்டே ஏற்கெனவே எழுதியிருந்த இ4000 டியூனரின் டிரைவர் அங்கே கைகொடுத்தது; பல டாங்கிள்களில் இருந்ததும் அதே டியூனர்தான்.

மலிவான சிப் இல்லாமல் இது நடந்திருக்குமா என்று கேட்கலாம். நடந்திருக்காது, லட்சக்கணக்கில் டிவிக்காகச் செய்ததால்தான் விலை சுமார் 20 டாலருக்கு இறங்கியது. ஆனால் அந்தச் சிப் 2012-க்கு முன்பே கடைகளில் இருந்தது, அதே விலையில், அதே திறமையோடு. மாறியது சிப் அல்ல, அதைப் பற்றிய அறிவு. வேகம்தான் காரணம் என்றால் அந்த ஆண்டுகளின் மௌனத்துக்கு விளக்கம் கிடைப்பதில்லை.

வாசல் திறந்த பிறகும் வேலை சுலபமாகவில்லை. டாங்கிளை லினக்ஸ் கணினியில் செருகியதும் கெர்னல் அதை டிவி என்று நினைத்துத் தன் டிரைவரோடு பிணைத்துவிடும். அந்த டிரைவரை விலக்கிவைக்காமல் ரேடியோ நிரல் உள்ளே நுழைய முடியாது. அடுத்தது 28.8 மெகாஹெர்ட்ஸ் படிகம். மலிவான படிகம் பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகினால், 100 மெகாஹெர்ட்ஸில் அது 5 கிலோஹெர்ட்ஸ் விலகல். அகலமான எஃப்எம் ஒலிபரப்பில் காதுக்குத் தெரியாது, 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள பேச்சலைவரிசையில் பேச்சே சிதையும். பிசகை அளந்து நிரலில் ஓர் எண்ணாகக் கொடுத்தால் சரியாகிவிடும். கருவியின் குறையை நிரல் ஈடுகட்டும் இந்த ஒத்துழைப்பு எனக்கு மிகவும் மதிப்புடையதாகத் தோன்றுகிறது. குறை இன்னது என்று தெரிந்தால்தான் அதுவும் நடக்கும்.

திறந்த ரேடியோ ஆபத்து, யார் வேண்டுமானாலும் எந்த அலைவரிசையிலும் குறுக்கிடுவார்கள் என்பது இன்னொரு மறுப்பு. ஒலிபரப்பும் கருவிகளைப் பொறுத்தவரை அந்தக் கவலை நியாயமானது. அதற்கு உரிமமும் சட்டமும் வேண்டும். டாங்கிளோ கேட்கத்தான் செய்யும், பேசாது. மூடிவைப்பதால் வரும் இழப்பையும் சேர்த்து எடைபோட வேண்டும்.

அந்த எடையைக் காட்ட ஐஎஸ்இஇ-3 விண்கலம் போதும். 1978 ஆகஸ்டில் ஏவப்பட்ட அதனோடு பேசுவதற்கான ஒலிபரப்புக் கருவிகளை நாசா 1999-இல் அகற்றிவிட்டது. 2014-இல் விண்கலம் பூமியை நெருங்கியபோது அந்தக் கருவிகள் இல்லை, ஆனால் அதன் சிக்னலின் விவரங்கள் பழைய ஆவணங்களில் இருந்தன. தன்னார்வக் குழு ஒன்று அவற்றைப் படித்து, 1970களின் மோடம் செய்த வேலையைக் குனு ரேடியோவில் நிரலாக எழுதி, யூஎஸ்ஆர்பி வழியே போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து சிக்னல் அனுப்பியது. மே 29 அன்று விண்கலத்துடன் இருவழித் தொடர்பு கிடைத்ததாகக் குழு அறிவித்தது. ஜூலையில் அதன் பாதையைத் திருப்பும் முயற்சி தோற்றது. எரிபொருளைத் தள்ளும் நைட்ரஜன் தீர்ந்துபோயிருந்ததே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது, ரேடியோ அல்ல.