நோட் 'ரெடி'ன்னு சொன்னா நம்பலாமா?

குபர்னெட்டீஸ்ல வேலை பாக்கிற மக்களுக்கு 'ரெடி'ங்கற வார்த்தை தெரியாம இருக்காது. மத்தவங்களுக்கு ஒரு வரி: பல கம்ப்யூட்டர்களைச் சேர்த்துக் கட்டினா கிளஸ்டர், அதுல ஒவ்வொண்ணும் ஒரு நோட், எந்த நோட்டுல எதை ஓட்டறதுன்னு முடிவு பண்றது ஷெட்யூலர். பயப்படாதீங்க, அவ்ளோதான் :-)

கூகுள் இதை வெளியிட்டது 2014 ஜூன்ல. 1.0 வந்தது 2015 ஜூலை. அப்போ ஏற்பாடு ரொம்ப எளிமை. நோட்டுல உக்காந்திருக்கற குபெலெட் "நான் ரெடி"ன்னு சொல்லும், ஷெட்யூலர் அதை நம்பி பாட்களைக் குடிவைக்கும்.

குபெலெட் தனக்குத் தெரிஞ்சதைத்தானே சொல்லும்? வெள்ளையடிச்சாச்சு, கரண்ட் வந்தாச்சு, 'வீடு ரெடி'ன்னு புரோக்கர் சொல்லிடுவார். பால் காய்ச்சப் போனா குழாயில தண்ணி வராது. இதுல இன்னொரு கூத்து, நெட்வொர்க், டிஸ்க் வேலைக்கான ஏஜென்ட்களே பெரும்பாலும் டீமன்செட் பாட்களா அதே நோட்டுலதான் ஓடணும். அதாவது குழாய் போடறவரையும் வீட்டுக்குள்ள விடணும், குடித்தனக்காரரை மட்டும் நிறுத்தி வைக்கணும்.

இதுக்குக் கிடைச்ச வழிதான் டெய்ன்ட். தமிழ்ல சொன்னா கறை. கறை பட்ட நோட்டுக்குள்ள, அந்தக் கறையைச் சகிச்சுக்கிற பாட் மட்டும்தான் போகும். 2017 மார்ச்ல 1.6 வந்தப்போ இது பீட்டா ஆச்சு. 'நாட் ரெடி' கறையை டீமன்செட் பாட்கள் தானாவே சகிச்சுக்கும்.

ஆனா நோட் பதிவாகி, அதோட நிலைமையைப் பாத்து கன்ட்ரோலர் கறை பூசறதுக்குள்ள ஷெட்யூலர் முந்திக்கிட்டா? நிலைமைக்கு ஏத்தபடி கறை பூசற வசதி 1.12ல (2018 செப்டம்பர்) பீட்டாவாகி, 1.17ல (2019 டிசம்பர்) நிலைபெற்றது. அதுல ஓட்டையை அடைச்ச விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. நோட் பதிவாகிற நொடியிலேயே ஏபிஐ சர்வர் 'நாட் ரெடி' கறையைப் பூசிடும். பொறக்கும்போதே கறையோட பொறக்குது. ரெடின்னு நிரூபிச்சப்புறம்தான் கறை போகும்.

அப்புறம் ஆளாளுக்கு அதே வழியைப் பிடிச்சுக்கிட்டாங்க. நோட்டைத் தொடங்கும்போதே கூடுதலா ஒரு கறையை நாம வச்சுடணும், சம்பந்தப்பட்ட ஏஜென்ட் எழுந்ததும் அதை அதுவே துடைச்சிடும். சிலியம் இதைத்தான் பரிந்துரைக்குது. இல்லேன்னா சிலியம் எழறதுக்கு முன்னாடி வேற நெட்வொர்க் பிளக்இன் வழியா கிளம்பின பாட் அதோட கட்டுப்பாட்டுக்கு வெளியே நிக்கும். நாம எழுதி வச்ச பாதுகாப்பு விதி எதுவும் அந்த பாட்டைத் தொடாது. அமேசானோட இபிஎஸ் டிரைவர்லயும் இப்படி ஒரு கறை உண்டு. எத்தனை டிஸ்க் மாட்டலாம்னு டிரைவர் சொல்றதுக்குள்ள ஷெட்யூலர் வரம்பே இல்லேன்னு நினைச்சு பாட்களை அடுக்கிடும். டேட்டாபேஸ் பாட் 'கன்டெய்னர் கிரியேட்டிங்'லயே தவம் கிடக்கும்.

ஏஜென்ட் எழவே இல்லேன்னா கறையும் போகாது, நோட் காலியா நிக்கும், கிளவுட் வாடகை மட்டும் ஏறும். சில மேனேஜர்கள் இதுக்கு மூஞ்சியைச் சுளிப்பாங்க. இருந்தாலும் என் ஓட்டு கறைக்குத்தான். காலி நோட் டேஷ்போர்டுல பளிச்சுனு தெரியும். விதிக்கு வெளியே ஓடற பாட் பச்சையா, சமர்த்தா, எல்லாம் சரிங்கற மாதிரியே ஓடிக்கிட்டிருக்கும்.