975,000: வகுபட்ட ஒரு தொகை

ஹட்டனில் வாப்பா நடத்திய பலசரக்குக் கடையின் கடன் கொப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. சுற்றுத் தோட்டங்களின் லயத்துச் சனங்கள் சம்பளத்தன்று தீர்க்கும் கடனை அதில்தான் பதிவார். எழுபதுகளின் பக்கங்களில் சில பெயர்களுக்கு நேரே 'இந்தியா' என்று எழுதிக் குறுக்கே கோடு கிழித்திருக்கிறார். கணித ஆசிரியராக ஓய்வு பெற்ற பிறகுதான், அந்தக் கோடுகளுக்குப் பின்னால் இருந்த எண்ணை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இந்திய வம்சாவளி முஸ்லிம்களும் அதில் அகப்பட்டனர். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, அவர்கள் தொகையை 975,000 எனக் கொண்டது. இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

இம்மூன்றின் பொதுக் காரணிகளுள் பெரியது 75,000. அதால் வகுத்தால் 7, 4, 2. மொத்தம் 13 பங்கு. ஏழு பேர் கப்பலேறினால் நாலு பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்பது இதிலிருந்து வந்த விகிதம். 7க்கும் 4க்கும் ஒன்றைத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. ஆகவே 11 பேருக்குக் குறைந்த எந்தக் கூட்டத்தையும் மிச்சமில்லாமல் இப்படிப் பிரிக்க ஏலாது. ஒரு லயக்காம்பிராவில் இருந்ததோ ஐந்தாறு பேர். "அண்ணனுக்கு இந்தியா வந்திருச்சு, எனக்கு இலங்கை. அம்மா யாரு பக்கம், முதலாளி?" என்று ஒரு பெண் கடையில் நின்று கேட்டதை வாப்பா பல தடவை சொல்லுவார். அவரிடம் பதில் இருக்கவில்லை.

விட்டுவைத்த 2 பங்கை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் ஆளுக்கொன்றாகப் பிரித்தனர். 600,000க்கு 375,000, அதாவது 8க்கு 5. 5, 8, 13 என்பவை பிபனாச்சித் தொடரில் அடுத்தடுத்து வருபவை. பூவிதழ்களை எண்ணிப் பிள்ளைகளுக்கு நான் காட்டிய அதே எண்கள். தற்செயல்தான். ஆனால் இவ்வளவு துப்புரவாக வகுபடும் தொகை, தலை எண்ணிக் கிடைத்ததல்ல. உடன்படிக்கையே அதை 'ஏறக்குறைய' என்றுதான் சொல்கிறது. இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர்களோ 300,000ஐ விட மிகக் கூடுதல். மக்கள் எதைக் கேட்பார்கள் என்று பார்க்குமுன்பே பங்கு போட்டாயிற்று.

தலைமன்னார்க் கப்பல் 1984இல் நின்றது. எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில்தான் வழி பிறந்தது.

மலையகத்தில் நம்மவர் கடைகளின் பழைய கொப்பிகள் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அரசின் கணக்கு ஆயிரம் ஆயிரமாகப் போகிறது. கொப்பியில் ஆட்கள் ஒவ்வொருவராக, பெயரோடு இருக்கிறார்கள்.