சிறுத்தைத் தலை யாருக்கு?

எங்க ஊர் பலமனேர். சித்தூரிலிருந்து பெங்களூரு போகிறவர்களுக்கு மொகிலி கணவாய் ஏறினதும் வருகிற ஊர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,200 அடி உயரம். ஊட்டி பிரபலமாவதற்கு முன்னால், சமவெளியில் வெந்துகொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் குளிர்ச்சி தேடி வந்த ஊர் இது என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்ப மாட்டார்கள். அப்போது வட ஆற்காடு ஜில்லா. 1911-ல் சித்தூர் ஜில்லா ஆனது. 1953 வரை மதராஸோடு இருந்து, பிறகு ஆந்திராவோடு போனது. அதனால்தான் எங்கள் வீடுகளில் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்போம் :-)

குளிர்ச்சி இருந்தது, காடு இருந்தது, துரைமார் இருந்தார்கள். அப்புறம் துப்பாக்கி இல்லாமலா? துரைகளைப் பார்த்து ஜமீன்தார், ஜமீன்தாரைப் பார்த்து ஊர்ப் பெரிய மனிதர் என்று வேட்டை கீழே இறங்கி வந்தது. லைசென்ஸ் வாங்கிச் சுடுவது அன்றைக்குச் சட்டப்படி சரி, கௌரவமும்கூட. சுட்டதற்குச் சாட்சி வேண்டுமே? அதுதான் சுவரில் தொங்கும் தலை.

இந்தத் தலைகள் பெரும்பாலும் எங்கே போய் வந்தன தெரியுமா? மைசூருக்கு. அங்கே வான் இங்கன் என்ற குடும்பம் சுமார் 1900-லிருந்து பாடம் செய்யும் தொழிற்சாலையே நடத்தியது. தோலை உரித்து உப்புப் போட்டு ரயிலில் அனுப்பினால், காகிதக்கூழ் அச்சின்மேல் தோலைப் போர்த்தி, கண்ணாடிக் கண் வைத்து, உறுமுகிற வாயோடு திரும்பி வரும். அவர்கள் கையால் பாடம் செய்யப்பட்ட புலிகளும் சிறுத்தைகளும் மட்டும் சுமார் 43,000 என்று அந்த நிறுவனத்தின் வரலாற்றை எழுதியவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். ஒரே ஒரு கடை! 1990களின் கடைசியில் அதை மூடிவிட்டார்கள். கடைசியாக இருந்த சகோதரர் 2013-ல் நூறு வயதில் காலமானார்.

பாங்க்காரன் புத்தி, இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறது. 1972-ல் நாடு முழுக்கப் புலிகளை எண்ணியபோது கிடைத்தது 1,827. முதலையும் சேர்த்துச் செலவழித்துவிட்ட குடும்பத்தின் பாஸ்புக் மாதிரி இல்லையா? அந்த வருஷமே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த வருஷம், 1973-ல், புலிகள் பாதுகாப்புத் திட்டம். 2022 கணக்கெடுப்பில் சராசரி மதிப்பீடு 3,682. ஐம்பது வருஷத்தில் இரட்டிப்பு. வட்டி குறைச்சல்தான், ஆனால் முதல் தப்பித்தது.

தப்பிக்காததும் உண்டு. 1952-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில், "மதராஸ் ராஜ்யம், சித்தூர் ஜில்லா"வில் சிவிங்கிப்புலி தென்பட்டதாக ஒரு குறிப்பு வெளியானது. இந்தியாவில் அந்த விலங்கைப் பற்றிக் கிடைக்கும் கடைசிப் பதிவுகளில் அது ஒன்று. அதே 1952-ல்தான் சிவிங்கி இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. எங்கள் ஜில்லாவுக்கு இப்படியும் ஒரு பெருமை!

சரி, இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்? எங்கள் மாமா வீட்டுக் கூடத்தில் ஒரு சிறுத்தைத் தலையும் இரண்டு ஜோடிக் கடம்பை மான் கொம்பும் இருக்கின்றன. மாமாவின் அப்பா 1940களில் சுட்டது. சிறுத்தை ஊர் ஆடுகளை வரிசையாக அடித்துக்கொண்டிருந்ததாம். மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. வீட்டை விற்றுவிட்டுப் பெங்களூரில் பேரனோடு இருக்கப் போகிறார். மகன் டல்லாஸில், மகள் சிங்கப்பூரில், மருமகன் நான் ஆப்பிரிக்காவில், போட்ஸ்வானா தலைநகரில். எல்லோரும் போனில் ஒன்றாகப் பேசியபோது மாமா கேட்டார்: "பீரோ, ஊஞ்சல் எல்லாம் பிரிச்சாச்சு. இந்தத் தலை எவரிக்கி காவாலி?"

டல்லாஸ்காரன் உடனே கேட்டான். "எனக்கு வேணும்பா. தாத்தா ஞாபகமா ஹால்ல மாட்டறேன்." சிங்கப்பூர்க்காரிக்குப் பிடிக்கவில்லை. "செத்த மிருகத்தை மாட்டிவச்சா என் பசங்க என்ன நினைப்பாங்க?" இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் உணர்ச்சிக்கு முன்னால் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு இது தெரியாது. எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன்.

1972 சட்டம் வந்தபோது, அட்டவணையில் சொன்ன விலங்குகளின் தோல், தலை முதலியவற்றை வைத்திருப்பவர்கள் 30 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும் என்றார்கள். அறிவித்தவர்களுக்கு உரிமைச் சான்று கிடைத்தது. தவறவிட்டவர்களுக்கு 2003-ல் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்கள், 180 நாள். அதுவும் முடிந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

சான்று இருந்தாலும் விற்க முடியாது. விற்க முடியாதபோது விலை எங்கிருந்து வரும்? 2003-லிருந்து புதிதாக ஒருவர் கைக்கு இவை போக வாரிசுரிமை ஒன்றுதான் வழி. அப்படி வந்தால் 90 நாளுக்குள் வாரிசு அறிவிக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வெளியே எடுத்துப் போகவே முடியாது. பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனால் தாத்தாவின் கௌரவம் போலீஸ் ஸ்டேஷனில்தான் போய் நிற்கும். ஆக டல்லாஸ் கனவு அங்கேயே முடிந்தது.

காகிதம்தானே என்று நினைக்காதீர்கள். நடிகர் மோகன்லால் வீட்டு யானைத் தந்தங்கள் 2011-ல் வருமான வரிச் சோதனையில் வெளியே வந்தன. 2016-ல் உரிமைச் சான்று கிடைத்தது. 2025 அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. அதற்கு அடிப்படையான அறிவிப்பு அரசிதழில் வெளியாகவில்லை என்பது காரணம். அவ்வளவு பெரிய மனிதருக்கே பதினான்கு வருஷ அலைச்சல்.

மாமாவிடம் எழுபதுகளில் வாங்கிய சான்று, அவர் பெயரிலேயே, டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. அப்படியானால் மூன்று வழி. ஒன்று, பெங்களூருக்குக் கொண்டுபோவது. வேறு மாநிலம் என்பதால் அதற்கும் வனத்துறையில் தனியாக எழுத வேண்டும். இரண்டு, அப்படியே விட்டுவைத்து, பின்னால் பேரன் வாரிசாக அறிவிப்பது. மூன்று, ஒப்படைப்பது. 2022 திருத்தத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். சான்று உள்ளவர் ஏழு வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து அரசிடம் ஒப்படைக்கலாம். காசு எதுவும் கிடைக்காது. அதன்பின் அது அரசுச் சொத்து.

மகன் இரண்டாவது வழிக்கு இழுத்தான். மாமா ஒரே போடாகப் போட்டார்: "நான் போனப்புறம் தொண்ணூறு நாளுக்குள்ள நீங்க அழுவீங்களா, ஃபாரம் நிரப்புவீங்களா? நான் இருக்கும்போதே முடிச்சிடணும்." மறுநாளே ஒப்படைக்கக் கடிதம் எழுதச் சொல்லிவிட்டார். தலைக்குப் பக்கத்தில் தாத்தா நிற்கிற பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை ஸ்கேன் செய்து எல்லோருக்கும் அனுப்பப் போகிறோம். ஞாபகத்துக்கு அது போதும். மகனுக்கு இன்னும் மனத்தாங்கல்தான், மறைக்கவில்லை.

எனக்கு மாமா செய்தது சரி என்றே படுகிறது. தாத்தாவைக் குற்றவாளி ஆக்க வேண்டியதில்லை. அவர் காலத்துச் சட்டமும் நியாயமும் வேறு. காடு தீராது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. இப்போது அதே பலமனேரைப் பாருங்கள். பல தலைமுறைகளாக யானையே இல்லாத காட்டுக்கு 1980களில் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து யானைகள் வந்து சேர்ந்தன. 1990-ல் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. அன்றிலிருந்து பயிர்ச் சேதமும் உண்டு, உயிர்ச் சேதமும் உண்டு, மின்வேலியில் மாட்டிச் செத்த யானைகளும் உண்டு. 2025-ல் கர்நாடகத்திலிருந்து கும்கிகள் வாங்கி, பலமனேர் அருகே முசலிமடுகு முகாமில் வைத்திருக்கிறார்கள். தாத்தா துப்பாக்கியால் தீர்த்த பிரச்சினையை இன்று கும்கியை வைத்துத் தீர்க்கப் பார்க்கிறார்கள். இது கஷ்டமான வழி. தோட்டத்தை யானை மிதித்த விவசாயியிடம் சரணாலயத்தின் பெருமையைப் பேசிவிட முடியாது.

நான் இருக்கும் போட்ஸ்வானாவில் இதே வாதம் இன்றும் சூடாக நடக்கிறது. இங்கே சுமார் 1,30,000 யானைகள். 2014-ல் வேட்டையைத் தடை செய்தார்கள், 2019-ல் தடையை எடுத்தார்கள். கென்யாவில் 1977-லிருந்தே வேட்டை கிடையாது. வெளிநாட்டு வேட்டைக்காரர் கொடுக்கும் பணம் யானையோடு வாழும் கிராமத்துக்குப் போகிறது என்பது ஒரு கட்சி. அந்தப் பணம் கிராமம் வரை போய்ச் சேருகிறதா என்று கேட்பது இன்னொரு கட்சி. எனக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம். கணக்கைப் பார்க்காமல் எந்தக் கட்சியிலும் சேர மாட்டேன்.

ஊரில் பழைய வீடு இருக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் போகும்போது சுவரையும் பரணையும் ஒரு முறை பாருங்கள். கொம்போ தோலோ தந்தமோ இருந்தால் முதலில் சான்றைத் தேடுங்கள். இல்லையென்றால் தூக்கிப் போடவோ யாருக்காவது கொடுக்கவோ வேண்டாம், வக்கீலைக் கேட்டுவிட்டு வனத்துறையிடம் போங்கள். குழந்தைகளைத் தொட விடாதீர்கள். அந்தக் காலத்தில் பாடம் செய்யும்போது ஆர்சனிக் கலந்த சோப்புத் தடவுவது உலகமெங்கும் வழக்கம். அந்த விஷம் இன்னும் தோலில் இருக்கும். முக்கியமாக, பெரியவர்கள் இருக்கும்போதே பேசி முடிவெடுங்கள்.

இன்னொரு விஷயம். 2025 நவம்பரில் நம் ஜனாதிபதி இங்கே வந்திருந்தபோது, ஊருக்கு வெளியே மொகொலோடி சரணாலயத்தில் எட்டுச் சிவிங்கிகளை இந்தியாவுக்கு ஒப்படைக்கும் நிகழ்ச்சி நடந்தது. செய்தியை மாமாவுக்குப் போனில் சொன்னேன். "நம்ம ஜில்லாவுக்கு ஒண்ணு அனுப்பச் சொல்லுடா" என்றார்.