பத்து இராகங்களும் மூன்று பொறிகளும்

1982ஆம் ஆண்டில் பம்பாயில் ஓர் இசைத்தட்டு பதிவாயிற்று. இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்து வந்த சரண்ஜித் சிங், பத்து இந்துஸ்தானி இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்திருந்தார். எச்.எம்.வி. அதனை வெளியிட்டது. வாங்கியவர் சிலரே, விரைவில் மறந்தும் போயிற்று.

பக்கவாத்தியக்காரர் எவரும் இல்லை. ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று மின்னணுப் பொறிகளே துணை. தாளத்திற்கு டி.ஆர்.808, மெட்டுக்கு ஜூபிட்டர்-8, மந்தர சுரங்களுக்கு டி.பி.303.

இந்த 303 எப்படி இயங்குகிறது? ‘ஊ’ என்று தொடங்கி, ஒரே சுருதியில் வாயை மெல்லத் திறந்து ‘ஆ’ என்று முடித்துப் பாருங்கள். குரல்வளையின் அதிர்வெண் மாறவில்லை; ஒலி மட்டும் மாறுகிறது. மேலெழும் கிளைச்சுரங்களில் எவை வெளியே வரலாம் என்பதை வாய் முடிவு செய்கிறது. 303இல் அந்த வேலையைச் செய்வது மின்வடிகட்டி. குமிழைத் திருகினால் ஒலி குழையும், கீச்சிடும். ஒரு நேரத்தில் ஒரு சுரமே வாசிக்கும்; ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிச் செல்லவும் செய்யும். கிதார் பயில்வோருக்குத் துணையாகச் செய்த கருவி இது. அந்தத் தொழிலில் தோற்று, 1984இல் உற்பத்தியே நின்றது. ஆனால் ஒற்றை மெட்டும் வழுக்கும் சுரமும் நம் இசைக்குப் புதியவையா என்ன?

பின்னர் சிகாகோ இளைஞர் சிலர், மலிவாகக் கிடைத்த பழைய 303 ஒன்றின் குமிழ்களைத் திருகி விளையாடினர். ‘ஃபியூச்சர்’ என்ற அக்குழுவின் தட்டு 1987இல் வெளிவந்தது. ‘ஆசிட் ஹவுஸ்’ என்னும் நடன இசை அதிலிருந்து கிளம்பி ஐரோப்பாவைக் கலக்கியது.

2010இல் சரண்ஜித்தின் தட்டு நெதர்லாந்தில் மறுபதிப்பானதும் விமர்சகர்கள் திகைத்தனர். ஐந்தாண்டு முன்னதாகவே அதே ஒலி! யாரோ ஐரோப்பியர் புனைபெயரில் செய்த போலி என்றுகூடச் சிலர் ஐயுற்றனர். ஐயம் தீர்ந்ததும் புகழ் எதிர்ப்பக்கம் ஓடியது: ஆசிட் ஹவுஸின் தந்தை இவரே என்றார்கள்.

இதுவும் மிகைதான். செங்கல்பட்டு வண்டியும் காட்பாடி வண்டியும் அரக்கோணம் சந்திப்பில் நிற்கின்றன என்பதால், ஒன்று மற்றொன்றை இழுத்து வந்தது என்பீர்களா? சிகாகோக்காரர்கள் அவரைக் கேட்டதற்குச் சான்றில்லை. அவர்களுக்குக் குமிழைத் திருகுவதே இசை. இவருக்கோ இராகந்தான் இசை, பொறி அதற்குக் கருவி. முதலில் வந்தவர் என்பது உண்மை. வழிகாட்டியவர் என்பது வேறு பேச்சு.

எழுபது வயதைக் கடந்தபின் சரண்ஜித் ஐரோப்பிய மேடைகளில் அந்த இராகங்களை மீண்டும் வாசித்தார், 2015இல் மறைந்தார். கேட்க வாய்த்தால் ‘மால்கௌன்ஸ்’ பகுதியில் தொடங்குங்கள். நம் ஹிந்தோளந்தான் அது, சட்டென்று பிடிபடும்.