குற்றப் படமும் காலக் களமும்

குற்றமும், அதனை ஆராய்ந்து உண்மை காண்பதும் தமிழர்க்குப் புதிய கதைப்பொருள் அல்ல. சிலம்பின் உள்ளிருந்த பரல் முத்தா, மாணிக்கமா என்னும் ஒரே சான்றில் ஓர் அரசின் நீதியே நிலைகுலைந்ததைச் சிலப்பதிகாரத்தில் படித்தவர்கள் நாம். இன்று தமிழகத்துக்கு வெளியே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுள் சிலர் திரைப்படக் கலை பயில்கின்றனர். பயிற்சிக்காகக் குற்றப் படம் எடுக்கவும் முனைகின்றனர். பழைய சென்னையைக் களமாகக் கொள்ள விரும்பும் அவர்கள், பழைய மோட்டார் வண்டியையும் கடிகாரத்தையும் தேடுமுன் ஒன்றை உணர வேண்டும். காலம் என்பது பின்னால் தொங்கும் திரைச்சீலை அன்று. குற்றத்தின் நோக்கமும், துப்பும், தீர்ப்பும் அதிலிருந்தே பிறக்கின்றன.

இதற்குச் சிறந்த சான்று, எஸ். பாலசந்தர் இயக்கி 1954ஆம் ஆண்டு வெளிவந்த 'அந்த நாள்'. பாட்டும் நடனமும் இல்லாத தமிழ்ப்படம் என அது பெயர் பெற்றது. 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நாளே அதன் களம். வானொலிப் பொறியாளன் ஒருவன் சுடப்பட்டு இறக்கிறான். ஒவ்வொருவர் சாட்சியும் மற்றொருவர் மீது ஐயத்தைத் திருப்புகிறது. முடிவில் அவன் பகைவர்க்கு நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் எனத் தெரிகிறது. போரை நீக்கிவிட்டால் அக்கொலைக்குக் காரணமே இல்லை. 1942 ஏப்ரலில் படையெடுப்பு அச்சத்தால் சென்னை மக்கள் ஊரைக் காலி செய்து ஓடியதை நினைவில் வைத்திருந்தோர்க்கு, அப்படம் வெறும் கற்பனையாகத் தோன்றியிராது.

இனி, மெய்யாக நிகழ்ந்த வழக்கொன்றைக் காண்போம். 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். அதே ஆண்டுத் தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளிவந்து, எம். கே. தியாகராஜ பாகவதர் புகழின் உச்சியில் இருந்தார். அவரும் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் கைதாயினர். 1945இல் ஜூரிகளின் முன் விசாரணை நடந்து, இருவருக்கும் ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மீண்டும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1947இல் இருவரும் விடுதலை பெற்றனர். அதற்குள் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்துவிட்டன. பாகவதரின் பழைய புகழ் மீளவே இல்லை.

இவ்வழக்கின் ஒவ்வொரு படியும் அக்காலத்துக்கே உரியது. ஜூரி முறை பின்னர் மறைந்தது. தீவாந்தர தண்டனை என்பதும் 1955ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் ஆயுள் தண்டனையாயிற்று. இலண்டனுக்கு முறையிடும் வழியும் சுதந்திரத்துக்குப் பின் அடைபட்டது. மரபணுச் சோதனையோ நினைத்தும் பார்க்கப்படாதது. சாட்சியின் வாய்ச்சொல்லே பெரும்பாலும் வழக்கைத் தாங்கியது. சிறு செய்திகளும் இவ்வாறே. சென்னையில் 1953 வரை டிராம் ஓடியது; ரூபாய்க்குப் பதினாறு அணா என்னும் கணக்கு 1957 மார்ச் வரை நிலவியது. கதைமாந்தன் 1944இல் நயா பைசா எண்ணினால் படம் அங்கேயே பொய்த்துவிடும்.

எனவே, பிள்ளைகள் எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தையும், சட்ட அறிக்கைகளையும், அந்நாளைய நாளேடுகளையும் நாடுதல் நலம். நம் வீட்டு முதியோரின் நினைவும் ஓர் ஆவணமே; அதனை ஏட்டுடன் ஒப்புநோக்கிக் கொள்ள வேண்டும்.

உண்மை வழக்கைப் படமாக்குவோர்க்கு மற்றொரு கடமையும் உண்டு. கதை விறுவிறுப்புக்காக, நீதிமன்றம் விடுவித்த ஒருவரைத் திரையில் மீண்டும் குற்றவாளி ஆக்குதல் எளிது. அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. ஆராயாது வழங்கிய நீதி என்ன செய்யும் என்பதை மதுரையின் கதை நமக்குச் சொல்லியிருக்கிறது. படம் எடுப்போரும் ஆராய்ந்தே தீர்ப்புக் கூறுவாராக.